கைரிஸுக்கு ஒரு வரி போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

துருக்கி சுல்தானுக்கு எதிரான கிரேக்க விடுதலைப் போர் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை படித்தேன். ஆங்கிலக் கவிஞர் பைரனுக்கு ஒரு பக்கம் கொடுத்தவர், தியோஃபிலோஸ் கைரிஸை ‘புரட்சியில் கலந்துகொண்ட பாதிரியார்’ என்று ஒரே வரியில் தாண்டிவிட்டார். சுல்தான் ஆட்சியில் பாடம் நடத்தியவர், தாமே கொடியேற்றிப் பெற்ற அரசின் சிறையில் செத்தார். அதைச் சொல்லாமல் விடலாமா?

ஆந்த்ரோஸ் தீவுக்காரர் அவர். பீசாவிலும் பாரீசிலும் படித்து, இன்று துருக்கியில் இருக்கும் அய்வாலிக்கில் கணிதமும் தத்துவமும் கற்பித்தார். 1821 மே மாதம் சொந்தத் தீவில் விடுதலைக் கொடி ஏற்றினார். அடுத்த மாதமே அய்வாலிக் எரிந்தது, கல்விக்கூடமும் போயிற்று. போரில் காயமும் பட்டார்.

விடுதலைக்குப் பின் கிரேக்க மன்னர் ஓட்டோ தந்த பதக்கம், பல்கலைக்கழகப் பதவி இரண்டையும் வேண்டாம் என்றுவிட்டார். பணம் திரட்டி, போரில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு 1836-இல் ஆந்த்ரோஸில் இல்லம் திறந்தார். பெயர்தான் அநாதை இல்லம், உள்ளே நடந்தது பள்ளிக்கூடம். பல்கேரியாவிலிருந்துகூட மாணவர்கள் வந்தார்கள்.

வினை அங்கேதான் பிடித்தது. கடவுள் ஒருவரே, திரித்துவம் (தந்தை, மகன், தூய ஆவி என மூவராய் ஒரே கடவுள்) கிடையாது என்கிற கொள்கையைப் பரப்புகிறார் என்று புகார். அது வெறும் புரளி என்று நான் வாதாட வரவில்லை. அப்படியொரு கொள்கை அவருக்கு இருந்தது. 1839-இல் திருச்சபை, தன் கோட்பாட்டை நம்புவதாக எழுதித்தரும் விசுவாச அறிக்கை கேட்டது. ஒரு கையெழுத்தில் தப்பியிருக்கலாம். தாம் கற்பிப்பது தத்துவம், இறையியல் அல்ல என்று நின்றார். ஸ்கியாதோஸ் மடத்தில் அடைத்தார்கள், அப்புறம் சாந்தோரினியில்.

1844 அரசியல் சட்டம் பிற மதங்களைச் சகித்துக்கொண்டது. ஆனால் ‘அறியப்பட்ட’ மதங்களை மட்டும்! கைரிஸின் கொள்கை அந்தக் கணக்கில் வரவில்லை. வக்கீல் மூளை எங்கும் ஒன்றுதான். 1852 டிசம்பரில் சீரோஸ் தீவில் வழக்கு, இரண்டு ஆண்டுக்கு மேல் தண்டனை. மறுமாதமே சிறையில் உயிர் பிரிந்தது. சடங்கில்லாமல் புதைத்தார்கள், அது போதாதென்று குழியைத் தோண்டிச் சுண்ணாம்பு கொட்டினார்கள். அதற்குப் பிறகுதான் உச்ச நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது.

அவருடைய தங்கை எவாந்தியா கைரியைப் பற்றியும் யாரிடமாவது கட்டுரை கேட்டு வாங்குங்கள். முற்றுகையிடப்பட்ட கிரேக்க நகரம் மிசோலோங்கி துருக்கியரிடம் வீழ்ந்த 1826-லேயே அதை நாடகமாக எழுதி அச்சேற்றியவர். அட்டையில் தம் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை.

– ஒரு வாசகர், தஞ்சாவூர்