கிண்டல்தான், ஆனால் வெறும் கிண்டல் அல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆங்கிலேயப் பிரபுக் குடும்பத் தொடர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ‘டவுன்டன் அபே’யின் மாளிகையையும் உடைகளையும் விருந்து மேசையையும் கட்டுரையாளர் ரசித்து எழுதியிருக்கிறார். சரி, ரசிக்க வேண்டியவைதான். ஆனால் இவற்றைப் பகடி செய்யும் தொடர்களை ‘வெறும் கிண்டல்’ என்று ஒரே வரியில் தள்ளிவிட்டாரே, அதைத்தான் ஏற்க முடியவில்லை.

‘யூ ராங், மிலார்ட்?’ தொடரை அவர் பார்த்திருக்கிறாரா தெரியவில்லை. ஜிம்மி பெரியும் டேவிட் கிராஃப்டும் எழுதி, பிபிசியில் 1990 முதல் 1993 வரை வந்தது. 1970களில் சக்கைப்போடு போட்ட ‘அப்ஸ்டேர்ஸ், டவுன்ஸ்டேர்ஸ்’ தொடரைத்தான் இது வம்புக்கு இழுத்தது. கதை 1920களின் லண்டனில் லார்ட் மெல்ட்ரம் வீட்டில் நடக்கிறது.

பிரபுத் தொடர்களில் பட்லர், அதாவது வேலைக்காரர்களுக்குத் தலைவன், என்றாலே விசுவாசத்தின் மறு உருவம். இங்கே பட்லர் ஆல்ஃப் ஸ்டோக்ஸ் பக்கா திருடன். தன் மகள் ஐவியையே வேறு குடும்பப் பெயரில் வேலைக்காரியாக உள்ளே நுழைத்துவிடுகிறான். எஜமானர்கள் இருக்கும் மாடியிலும் யோக்கியம் கிடையாது. லார்டுக்கு இன்னொருவர் மனைவியோடு தொடர்பு. தம்பி டெடி வேலைக்காரப் பெண்களை விட்டுவைப்பதில்லை. இவற்றையெல்லாம் விட எனக்கு முக்கியமாகப் பட்டது மேபெல் என்ற பாத்திரம். வந்து தரை துடைத்துவிட்டுப் போகிறவள். மாடியில் மிஞ்சுவது சமையலறைக்கு வரும். சமையலறையில் மிஞ்சினால்தான் அவளுக்கு. அடுப்படி ஆட்கள் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டே அவளை விரட்டும்போது நாமும் சிரித்துவிடுகிறோம். அடிமட்டத்துக்கும் ஓர் அடிமட்டம் உண்டு என்பதைக் கண்ணீர் வடிக்கும் தொடர்கள் இவ்வளவு நறுக்கென்று சொன்னதில்லை.

குறையும் இருக்கிறது. ஒரு பகுதி 50 நிமிடம் என்பது நகைச்சுவைக்கு நீளம். மாடியில் இருக்கும் மூதாட்டி லேடி லாவெண்டர் சாப்பாட்டைத் தூக்கி எறிவதை எத்தனை முறைதான் பார்ப்பது? அப்புறம், மெல்ட்ரம் குடும்பத்தின் பணம் ‘யூனியன் ஜாக் ரப்பர் கம்பெனி’யிலிருந்து வருகிறது. ரப்பர் என்று பெயரைச் சொல்வதோடு சரி, பாலுக்கு மரம் சீவுகிறவன் முகத்தைக் காட்டவில்லை. 1920களில் பிரிட்டிஷ் கம்பெனிகளுக்கு ரப்பர் வந்தது பெரும்பாலும் மலாயாவிலும் இலங்கையிலும் இருந்துதான். விலை சரியாமல் காக்க 1922இல் இந்த இரண்டு இடங்களிலும் உற்பத்திக்கே கட்டுப்பாடு போட்டார்கள். அந்த வருமானத்தில் லண்டனில் விருந்து நடந்தபோது, ஆள் சேர்க்கும் கங்காணி கூட்டிவந்த நம் ஆட்கள் இங்கே மலாயாவில் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில், இருந்தார்கள். பகடிக்கும் அந்தத் தூரம் எட்டவில்லை. ஆனாலும் பணம் எங்கிருந்து வருகிறது என்ற பெயர்ப் பலகையையாவது அது வாசலில் மாட்டி வைத்தது. அதற்காகவே எனக்குப் பிடிக்கும்.

ஒரு வேண்டுகோள். தோட்டத்துத் துரை பங்களாவில் சமைத்தவர்கள், ஆயாவாக இருந்தவர்கள் இன்னும் சிலர் எங்கள் பக்கத்தில் இருக்கிறார்கள். பங்களாவின் முன்வாசல், பின்வாசல் கதைகளை அவர்கள் சொன்னால் வயிறு வலிக்கச் சிரிப்பீர்கள். அடுத்த கட்டுரைக்கு யாரையாவது அனுப்பி அவர்களிடம் பேசச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக், மலேசியா