அந்தப் பெரிய நாயை எடுப்பதற்கு முன்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் நீ சொன்னபோது வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எதிர்வீட்டார் ஆஸ்திரேலியா போகிறார்கள், 9 வயசு பூர்பூல் ஜாதிக் காவல் நாயை யாரும் எடுக்கமாட்டேன் என்கிறார்கள் என்றால் உன் மனசு கிடந்து அடித்துக்கொள்ளாதா? படம் பார்த்தேன். மூக்கைச் சுற்றி நரைத்துப்போய், பாவமாக இருக்கிறது.

அது 60 கிலோ நாய் என்கிறாய். நாய்க்கு மருந்தெல்லாம் எடை பார்த்துத்தான், செலவும் அப்படியே ஏறும். உண்ணி மருந்தில் மட்டும் மிச்சம் பிடிக்காதே. நம் ஊர் உண்ணி கடித்துப் பிலியரி என்கிற உண்ணிக் காய்ச்சல் வந்து, உடனே வைத்தியம் பார்க்காவிட்டால் நாய் பிழைப்பதே கஷ்டம். மூட்டுவலி மாத்திரை ஆரம்பித்தால் பெரும்பாலும் கடைசிவரை போகும். கிட்னி, லிவர் பார்க்க ரத்தப் பரிசோதனையும் கூடவே வரும். வலியில் முனகுகிறதே என்று நாம் போடுகிற பனாடோ, புரூஃபன் மாதிரி வலி மாத்திரை எதையும் கொடுத்துவிடாதே, நாய்க்கு ஆகாது.

இன்சூரன்ஸ் எடுக்கலாம் என்றாய். ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு அவர்கள் பணம் தரமாட்டார்கள். அதற்குக் கட்டுவதை மாசாமாசம் தனியாகப் போட்டு வை. நெஞ்சு ஆழமான பெரிய ஜாதிகளுக்கு வயிறு உப்பித் திருகிக்கொள்வதுண்டு. வாந்தி வராமல் ஓங்கரித்துக்கொண்டே வயிறு வீங்கினால் விடியட்டும் என்று இருக்கக் கூடாது, அந்த ராத்திரியே ஆபரேஷன். அதற்குப் பணம் தயாராக இருக்க வேண்டும்.

பணத்தையாவது நாங்கள் கொஞ்சம் கொடுப்போம். உன் மாடிப்படிதான் எனக்குப் பெரிய கவலை. நம் பழைய நாய் டைகரின் கடைசி வருஷம் உனக்கு நினைவிருக்கும். பின்னங்கால் தளர்ந்ததும் அப்பா குளிக்கிற துண்டை அதன் வயிற்றுக்கு அடியில் கொடுத்து, இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்துத் தூக்குவார். நான் முன்னால் நின்று கழுத்துப் பட்டையைப் பிடித்து மெல்ல இறக்குவேன். டர்பன் நகரத்தில் நம் சாட்ஸ்வொர்த் வீட்டுக் கொல்லைப்புறத்தில் இருப்பது சின்னப் படிகள், டைகர் இதில் பாதி எடைகூட இல்லை. அதற்கே அப்பாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. நீ இரண்டாவது மாடியில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில், தனியாள். நடுராத்திரி அதற்கு மூத்திரம் முட்டினால் யார் தூக்குவது?

அதனால் என் முடிவு இது: எடுத்துக்கொள், ஆனால் தரைத்தள வீடு பார்த்த பிறகு. இந்த அளவு நாய்கள் 10, 12 வயசைத் தாண்டுவது அபூர்வம். இருக்கிற காலத்தை அது மாடியில் அடைபட்டுக் கழிக்கக் கூடாது. புது இடம் ஃப்ளாட் என்றால் வீட்டுக்காரர் சரி என்றால் மட்டும் போதாது, பாடி கார்ப்பரேட், அதாவது ஃப்ளாட் சொந்தக்காரர்கள் சங்கத்தின் டிரஸ்டிகளுடைய அனுமதியையும் எழுத்தில் வாங்கு. டைல்ஸ் தரையில் கால் சறுக்காமல் ரப்பர் பாய் போடு. தைப்பூசக் காவடிக்கு நீ டர்பன் வரும்போது அதை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதையும் இப்போதே யோசி. கென்னலில் விடுவதும் செலவுதான்.

அவர்கள் கிளம்புமுன் மிருக டாக்டரிடம் ஒருமுறை முழுசாகக் காட்டச் சொல். இடுப்பு, இதயம், பல் எல்லாம் பார்க்கட்டும். கேட்கக் கூச்சப்படாதே, நாயை வளர்த்தவர்கள் அவர்கள்தானே. தடுப்பூசி அட்டையையும் பழைய மருந்துச் சீட்டுகளையும் வாங்கிக்கொள். ரேபிஸ் ஊசி நம் தென்னாப்பிரிக்காவில் சட்டப்படி கட்டாயம், தேதியைப் பார். டாக்டர் எழுதித் தருவதைப் படம் எடுத்து அனுப்பு. மாசம் எவ்வளவு ஆகும் என்று அப்பாவும் நானும் கணக்குப் போட்டு, எங்கள் பங்கைச் சொல்கிறோம்.

அன்புடன்,
அம்மா