ஆரம்பப் பிரிவு டீச்சர்மாருக்கு ஒரு திறந்த மடல்

அதிபர் சேருக்கும் டீச்சர்மாருக்கும் வணக்கம்.

நான் தரம் 4 படிக்கிற பிள்ளை ஒண்டோட அம்மா. பேர் போடேல்ல, போட்டா மகனுக்குத்தான் கரைச்சல். ஸ்கூல் பேரும் வேணாம், கொழும்புல தமிழ், சிங்களம் ரெண்டு மீடியமும் இருக்கிற ஒரு ஸ்கூல், அவ்வளவுதான்.

போன டேர்ம் கலை விழால, தமிழ் ராஜா எல்லாளனும் சிங்கள ராஜா துட்டகைமுனுவும் சண்டை பிடிச்ச கதைய நாடகமா போட்டீங்க தானே. அந்த காட்போட் யானைகளுக்கு எவ்வளவு மினக்கெட்டிருப்பீங்க எண்டு பாக்கவே விளங்கிச்சு. ஆனா தமிழ் மீடியத்துல இருந்து எல்லாளன், சிங்கள மீடியத்துல இருந்து கைமுனு எண்டு பிரிச்சீங்க பாருங்க, அங்கதான் பிழைச்சது. எல்லாளனா நடிச்ச என்ட மகன் யானைல இருந்து விழுந்தான், ஹோல் முழுக்க கைதட்டு, திரையும் மூடியாச்சு. வரேக்க ஸ்கூல் வேன்ல "உங்கட ராஜா அவுட்" எண்டு ஒரே பகிடி, பண்ணினது அவன்ட பெஸ்ட் ஃப்ரெண்ட்தான், பாவம் அதுக்கும் ஒம்பது வயசு. யானைக்குப் பின்னங்காலா நிண்ட முஸ்லிம் பிள்ளை கேட்டுச்சாம், "அப்ப நாங்க எந்தப் பக்கம்?"

சண்டையக் காட்டினதுக்கு நான் கோவிக்கேல்ல. கதைய பாதில நிப்பாட்டினீங்களே, அதுக்குத்தான். பழைய பாளி வரலாற்று நூல் மகாவம்சத்துலயே இருக்கு, எல்லாளன் விழுந்த இடத்துலயே கைமுனு அவருக்கு ஈமக்கிரியை செஞ்சு, நினைவுச் சின்னமும் கட்டி, அந்த வழியா போறவங்க மேளதாளத்த நிப்பாட்டிட்டுத்தான் போகோணும் எண்டு வச்சார். கைதட்டின அதே பிள்ளைகள் அந்த இடத்துல சத்தம் போடாம எழும்பி நிக்கிற மாதிரி ஒரு சீன், அஞ்சு நிமிஷம் வராது. நேரம் பத்தேல்ல எண்டு சொல்லாதீங்க, பிறகு டான்ஸ் மட்டும் நாலு போச்சு.

தரம் 6லதான் வரலாறு தனிப் பாடமா வருது, அதுவரைக்கும் சுற்றாடல் பாடம்தான். அப்ப சுற்றாடல்ல இருந்தே தொடங்கலாமே. பாண், சப்பாத்து, மேசை, அலமாரி, இதெல்லாம் ரெண்டு மீடியத்துப் பிள்ளைகளும் கொஞ்சம் முன்ன பின்ன அப்படித்தான் சொல்லுதுகள், எல்லாம் போர்த்துக்கேயர் விட்டுட்டுப் போன சொல்லு. ரெண்டு வகுப்பையும் ஒண்டா இருத்தி வீட்டுல இருக்கிற சாமான் பேரச் சொல்லச் சொன்னாலே ஒரு பீரியட் போயிரும்.

இன்னொண்டு, கொழும்பு மியூசியத்துல ஒரு கல்லு இருக்கு. சீனக் கப்பல் தளபதி செங் ஹே கொண்டு வந்தது, 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டு. 1911ல காலி நகரத்துல மதகுக்கு மூடியா கிடந்துதான் எடுத்தாங்க. ஒரே கல்லுல சீனத்துல புத்தருக்கு, தமிழ்ல தேனாவரை நாயனாருக்கு, அதாவது தெவிநுவர விஷ்ணுவுக்கு, பாரசீகத்துல அல்லாஹ்வுக்கு எண்டு மூண்டு பேருக்கும் காணிக்கை எழுதியிருக்கு. நான் மகனைக் கூட்டிட்டுப் போய்க் காட்டினேன். எழுத்து நல்லா தேஞ்சிட்டு, தமிழ்ப் பக்கத்துல ரெண்டு எழுத்த விரலால காத்துல எழுதிப் பாத்தான், பிறகு அந்த யானைக்கால் ஃப்ரெண்டையும் கூட்டிட்டு வருவமா எண்டு கேட்டான்.

ஒரு நாள் சொல்லுங்க, ரெண்டு மீடியத்து தரம் 4ம் ஒரே பஸ்ல போகட்டும். பஸ் காசு அம்மாமார் சேர்த்துத் தாறம், சிங்கள மீடியத்து அம்மாமார் ரெண்டு பேர்ட்ட கேட்டாச்சு, ஓம் எண்டுட்டாங்க. சாப்பாட்டுப் பார்சல் மட்டும் அவங்கவங்க கொண்டு வரட்டும்.