சோற்றுக் கணக்கை ஒளித்து வையுங்கள்

வியூக கேம் வடிவமைப்பாளர்களுக்கு,

வணக்கம். படைக்குச் சோறு போடும் பொறுப்பை ஆட்டக்காரர் தலையில் கட்டினால் கேம் நன்றாகுமா, சலிப்பாகுமா? நான் கட்டச் சொல்லும் கட்சி. எப்படிக் கட்டுவது என்பதில்தான் உங்களோடு கொஞ்சம் சண்டை.

2019இல் வந்த 'டோட்டல் வார்: த்ரீ கிங்டம்ஸ்' கேமில் ஒவ்வொரு படைக்கும் சப்ளை என்று ஓர் எண் உண்டு. சொந்த மண்ணில் ஏறும், எதிரி மண்ணில் இறங்கும், தீர்ந்தால் படை கரையும். நல்லதுதான்; ஒரே பெரும்படையைத் திரட்டி நாடு முழுக்க ஓட்டிக்கொண்டே போக முடியாது. ஆனால் சில நாள் ஆடியதும் அது வண்டியின் பெட்ரோல் முள் மாதிரி ஆகிவிடுகிறது. குறைந்தால் எல்லைக்குத் திரும்பு, நிரப்பு, மறுபடி போ.

அந்தக் கேம் காட்டும் அதே காலத்தில், கி.பி. 200இல் சீனாவில் நடந்த குவாண்டு போரைப் பாருங்கள். யுவான் ஷா என்ற தளபதியிடம் பெரும்படை. அவரை எதிர்த்து நின்ற சாவ் சாவிடம் இருந்ததோ சிறு படை, சோறும் தீரும் நிலை. பின்வாங்கிவிடலாமா என்றுகூட யோசித்தார். அப்போது யுவான் ஷாவின் ஆலோசகர் ஷூ யோ கட்சி மாறி வந்து, எத்தனை நாளுக்குத் தானியம் இருக்கிறது என்று கேட்கிறார். ஒரு வருடத்துக்கு என்றாராம் சாவ் சாவ். பொய். அப்புறம், அரை வருடத்துக்கு. அதுவும் பொய். விடாமல் கேட்ட பிறகுதான் ஒரு மாதத்துக்கு என்று ஒப்புக்கொண்டாராம். எதிரியின் தானியம் வூசா என்ற ஊரில் குவிந்திருக்கிறது, காவலும் சரியில்லை என்று ஷூ யோ சொல்ல, சாவ் சாவ் 5,000 பேரோடு இரவோடு இரவாகப் போய்க் கொளுத்தினார். யுவான் ஷாவின் படை சிதறியது.

அந்தக் கிடங்கு ஓர் இடத்தில் இருந்தது, அதனால் எரிக்க முடிந்தது. எவ்வளவு மிச்சம் என்பது வெளியே தெரியவில்லை, அதனால் புளுக முடிந்தது. எனக்கு வேண்டியவை இந்த இரண்டும்தான். என் சப்ளை எண்ணை எதிரிக்குக் காட்டாதீர்கள். அவனுடையதை அறிய நான் ஒற்றனை அனுப்பிக்கொள்கிறேன். அந்த ஒற்றன் பொய்த் தகவலோடு திரும்பினாலும் சரி.

வேலை கூடிவிடும் என்று பயப்பட வேண்டாம். 2011இல் வந்த 'யூனிட்டி ஆஃப் கமாண்ட்' கேமில் சப்ளை ரயில் பாதை வழியே தானாகவே வருகிறது. ஆட்டக்காரர் ஒரு மூட்டைகூடத் தூக்குவதில்லை. பாதையை வெட்டினால் முன்னால் நிற்கும் டாங்கிப் படை ஒவ்வொரு டர்னும் பலமிழக்கும். இரண்டாம் உலகப் போரில் ஸ்டாலின்கிராடில் ஜெர்மன் படை ஏன் சுற்றி வளைக்கப்பட்டுத் தோற்றது என்பது ஆடும்போதே புரியும்.

அப்புறம், எதிரியாக ஆடும் கணினிக்கும், அதாவது ஏஐக்கும், பசி எடுக்கட்டும். அதற்கு மட்டும் ரகசியமாகச் சலுகை தந்தால், நான் உயிரைக் கொடுத்துக் கிடங்கை எரித்தும் அவன் படை வயிறு நிறைந்து நிற்கும்.

இதெல்லாம் பிடிக்காதவர்களுக்கு அணைத்துவைக்க ஒரு பட்டன் கொடுங்கள். என் தம்பி முதலில் அதைத்தான் அழுத்துவான்.

இப்படிக்கு,
தானியம் தீர்ந்து பலமுறை தோற்ற ஒருவன்