சனிக்கிழமை இரவு நிகழ்ச்சியும் நீங்கள் கேட்ட கேள்வியும்

பெத்லகேம், பென்சில்வேனியா
24 அக்டோபர் 2016

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளையும் நலம். அங்கு உங்கள் நலத்தையும், அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறதா என்பதையும் அறிய ஆவல்.

போன வாரம் தொலைபேசியில், அமெரிக்க அதிபர் தேர்தலைப் பற்றி அங்கே ஜனங்கள் என்னதான் பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்டீர்கள். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் நான் ஏதோ சொல்லி முடித்துவிட்டேன். நேற்று முன்தினம் இரவு பார்த்த ஒரு நகைச்சுவை நிகழ்ச்சியில் அந்தக் கேள்விக்கு என்னால் சொல்ல முடிந்ததைவிட நல்ல பதில் இருந்தது. அதை உங்களுக்கு விளக்கமாகச் சொல்ல வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

நிகழ்ச்சியின் பெயர் சாட்டர்டே நைட் லைவ். என்பிசி தொலைக்காட்சியில் 1975ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கியது. இப்போது 42ஆவது பருவம் ஓடுகிறது. சனிக்கிழமை இரவு பதினொன்றரை மணிக்கு நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பிளாசாவில் உள்ள 8எச் என்ற அரங்கிலிருந்து ஒன்றரை மணி நேரம் நேரடியாக ஒளிபரப்பாகிறது. வாரத்துக்கு ஒரு பிரபலம் விருந்தினராக வந்து குழுவினரோடு சேர்ந்து நடிப்பார். செவ்வாய் இரவு விடிய விடிய எழுதுகிறார்கள். புதன்கிழமை எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாசித்துப் பார்க்கிறார்கள். சனிக்கிழமை மாலை ஒரு கூட்டத்தின் முன்னால் ஒத்திகை பார்த்து, சிரிப்பு வராததை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தை அன்றிரவே நாடு முழுவதற்கும் நடித்துக் காட்டுகிறார்கள். அந்த வாரம் நாட்டில் நடந்தது அந்த வாரமே மேடையேறுகிறது. திரௌபதி அம்மன் திருவிழாவில் நம் ஊர்க் கூத்தில் கட்டியங்காரன் கதைக்கு நடுவே ஊர்த் தலைவரையே வம்புக்கு இழுப்பானே, அந்த உரிமையை இந்த நாட்டில் நாற்பது ஆண்டுகளாக வைத்திருப்பவர்கள் இவர்கள்தான்.

அதனாலேயே அவர்களிடம் நான் கொஞ்சம் கூடுதலாக எதிர்பார்க்கிறேன். சனிக்கிழமை முதல் காட்சி எனக்கு ஏமாற்றமாக இருந்தது. 19ஆம் தேதி லாஸ் வேகாஸில் நடந்த மூன்றாவது வேட்பாளர் விவாதத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, டிரம்பாக அலெக் பால்ட்வினும் ஹிலரி கிளின்டனாக கேட் மெக்கின்னனும் நடித்தார்கள். நெறியாளர் கிறிஸ் வாலஸாக அன்றைய விருந்தினரான நடிகர் டாம் ஹாங்க்ஸ் வந்தார். உதட்டைக் குவிப்பதும் கண்ணைச் சுருக்குவதும் கச்சிதமாகத்தான் இருந்தன. ஆனால் மூன்று நாளுக்கு முன்பு எல்லோரும் பார்த்த விவாதத்தின் சொற்களையே திருப்பிச் சொல்லிச் சிரிப்பு வாங்குவதில் புதிதாக என்ன இருக்கிறது? டிரம்பைப் பிடிக்காதவர்கள் கை தட்டுவார்கள், பிடித்தவர்கள் தொலைக்காட்சியை அணைப்பார்கள். இரண்டு தரப்பும் அதற்குப் பிறகு முன்பிருந்த இடத்திலேயே இருக்கும். டிரம்பும் போன வாரம் இந்த நிகழ்ச்சியையே மூடிவிட வேண்டும் என்று ட்விட்டரில் எழுதினார். இத்தனைக்கும் போன ஆண்டு நவம்பரில் இதே மேடையில் அவரை விருந்தினராக நிற்க வைத்தவர்கள் இவர்கள். மெக்சிகோவிலிருந்து வருபவர்களைப் பற்றி அவர் பேசிய பேச்சுக்காக என்பிசி நிறுவனம் அவரோடு உறவை முறித்துக்கொண்டு ஐந்து மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அன்று அரங்குக்கு வெளியே லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அப்போது மேடையைக் கொடுத்துவிட்டு இப்போது வாரம் தவறாமல் அவரைப் போல நடித்துக் காட்டுவதால் அந்தக் கணக்கு நேராகிவிடும் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

ஹாங்க்ஸ் ஒரு கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு, நாட்டுக்கே அப்பாவாக அறிவுரை சொன்ன தொடக்க உரை இதமாக இருந்தது. லிஃப்டில் போகும் இருவரைப் பயமுறுத்த, மாடிக்கு மாடி பூசணிக்காய்ப் படம் அச்சிட்ட கோட்டோடு அவர் வந்து ஆடிய காட்சிக்குத் தலையும் இல்லை, காலும் இல்லை. உங்கள் மாப்பிள்ளை நாற்காலியிலிருந்து விழாத குறையாகச் சிரித்தார்.

நான் சொல்ல வந்தது நடுவில் வந்த பிளாக் ஜெபர்டி என்ற காட்சியைப் பற்றி. ஜெபர்டி என்பது இங்கே பல ஆண்டுகளாக நடந்து வரும் வினாடிவினா. விடையை நடத்துபவர் சொல்வார். போட்டியாளர் அதற்குரிய கேள்வியைச் சொல்ல வேண்டும். அதையே கறுப்பின மக்களின் அன்றாடப் பேச்சையும் அனுபவத்தையும் வைத்து நடத்துவதுபோல இந்தக் குழு சில ஆண்டுகளாகச் செய்து வருகிறது. நடத்துபவராக கீனன் தாம்ப்சன், போட்டியாளர்களாக இரண்டு கறுப்பினப் பெண்கள், மூன்றாவதாக டக் என்ற வெள்ளைக்காரர். டிரம்ப் ஆதரவாளர்கள் போடும் ‘மேக் அமெரிக்கா கிரேட் அகைன்’ சிவப்புத் தொப்பியோடு ஹாங்க்ஸ் நிற்கிறார். தொப்பியைப் பார்த்ததுமே, இந்த மனிதனை இனி அடித்துத் துவைக்கப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

நடந்தது வேறு. புதிய கைபேசி உங்கள் பாதுகாப்புக்காகவே கட்டைவிரல் ரேகையைக் கேட்கிறது என்பது ஒரு விடை. டக் பொத்தானை அழுத்தி, அதெல்லாம் முடியாது, அப்படித்தான் நம்மைப் பிடிக்கிறார்கள் என்கிறார். சரியான பதில்! பக்கத்தில் நிற்கும் பெண்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு வாக்கும் முக்கியம் என்று சொல்கிறார்களாமே என்றதும், யார் ஜெயிப்பது என்று முன்பே முடிவு செய்துவிட்டார்கள் என்கிறார். அதுவும் சரி. தெருவில் எதையும் நாற்பது டாலருக்குள் பழுது பார்த்துக் கொடுக்கும் ஆள் ஒருவர் இருப்பதாக ஒரு பெண் சொல்ல, அப்படி ஓர் ஆள் எனக்கும் உண்டு என்று இவர் மகிழ்கிறார். வங்கியும் அரசாங்கமும் பெரிய கம்பெனியும் தன்னை ஏமாற்றுகின்றன என்ற நினைப்போடு வாழும் ஏழை வெள்ளைக்காரருக்கும் ஏழைக் கறுப்பினத்தவருக்கும் ஒரே பாஷைதான் இருக்கிறது என்பதைப் பிரசங்கம் எதுவும் இல்லாமல், பதில்களை வைத்தே காட்டிவிடுகிறார்கள்.

அதில் ஓர் இடத்தை மட்டும் கூர்ந்து சொல்கிறேன். டக்கின் பதில் ஒன்றில் மனம் குளிர்ந்துபோன தாம்ப்சன், கை குலுக்குவதற்காகத் தன் இடத்தை விட்டு அவரை நோக்கி வேகமாக வருகிறார். ஒரு கறுப்பின மனிதர் தன்னை நோக்கி வருவதைப் பார்த்த மாத்திரத்தில் டக்கின் உடம்பு பின்வாங்குகிறது. கை நீட்டியிருப்பது அப்புறம்தான் கண்ணில் படுகிறது. தயங்கிக் கையைக் கொடுக்கிறார். சில நொடிகள்தான். அவ்வளவு நேரம் சேர்ந்து சிரித்தவருக்குள்ளும் அந்தப் பயம் அப்படியே இருக்கிறது என்பதை ஹாங்க்ஸ் தோளால் மட்டுமே நடித்துக் காட்டினார். முதல் காட்சியின் மொத்த மிமிக்ரியும் இதற்கு ஈடாகாது.

குறை இல்லாமல் இல்லை. ஒல்லியான பெண்களை மட்டம் தட்டும் ஒரு பதிலுக்கு எல்லோரும் சேர்ந்து சிரிப்பதாக வருகிறது. இரண்டு தரப்பையும் இணைக்கப் பெண்களின் உடம்பைத் தொட்டுத்தான் ஆக வேண்டுமா? இவ்வளவு கூர்மையாக எழுதத் தெரிந்தவர்களுக்கு அது தேவையே இல்லை.

கடைசிச் சுற்றின் தலைப்பு, யாருடைய உயிர் முக்கியம் என்பது. காவல்துறையினரின் துப்பாக்கியால் கறுப்பினத்தவர் சாவதை எதிர்க்கும் இயக்கத்தின் முழக்கத்தை வைத்து அமைத்தது. தாம்ப்சனின் முகம் மாறுகிறது; இவ்வளவு நேரம் நன்றாகத்தான் போயிற்று என்கிறார். டக்கோ, இதைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது என்கிறார். விளம்பர இடைவேளைக்குப் பிறகு தேசிய கீதத்தை ஒலிக்கவிட்டு என்ன ஆகிறது பார்க்கலாம் என்பதோடு காட்சி முடிகிறது. காலின் கேப்பர்னிக் என்ற அமெரிக்கக் கால்பந்து வீரர் அதே சாவுகளை எதிர்த்து இரண்டு மாதங்களாகத் தேசிய கீதத்தின்போது எழுந்து நிற்க மறுத்து வருவதால் நாடே இரண்டுபட்டிருக்கிறது. அதை வைத்துச் சொன்னது அது. சிக்கலான இடம் வந்ததும் நழுவிவிட்டார்கள் என்று உங்கள் மாப்பிள்ளை சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த இடத்தில் இருவரையும் கட்டித் தழுவ விட்டிருந்தால் அது பொய். நவம்பர் 8ஆம் தேதி வாக்களிக்கப் போகிறவர்கள் உண்மையில் அந்த இடத்தில்தான் நிற்கிறார்கள்.

நாங்கள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரரைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். இந்த ஊர் இரும்பாலையில் வேலை பார்த்தவர். 1995இல் இங்கே உலைகள் அணைந்தன. அவை இருந்த நிலத்தின் ஒரு பகுதியில் இப்போது சூதாட்ட விடுதி நடக்கிறது. வாசலில் டிரம்ப் பலகை நட்டிருக்கிறார். போன பனிக்காலத்தில் நான் கேட்காமலேயே என் கார்மேல் இருந்த பனியை வழித்துவிட்டவரும் அவர்தான். அந்தப் பலகையைப் பார்த்த நாளிலிருந்து அவரிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டேன். எங்களைப் போல வந்தவர்களைப் பற்றி அவர் மனதில் என்ன இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. டக்கைப் போல அவருக்கும் அதைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கலாம். இந்த வாரம் வாடகை கொடுக்கப் போகும்போது ஆலையைப் பற்றிக் கேட்டுப் பேச்சைத் தொடங்குவதாக இருக்கிறேன்.

அந்தக் காட்சியைத் தம்பியின் கைபேசிக்கு அனுப்பியிருக்கிறேன். ஆறேழு நிமிடம்தான், அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, புரியாத இடத்தில் நிறுத்திக் கேட்டுப் பாருங்கள். முடிவைப் பற்றி நானும் உங்கள் மாப்பிள்ளையும் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறோம். நீங்கள் எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். சனிக்கிழமை தீபாவளி அன்று காலை அங்கே எண்ணெய்க் குளியல் முடிந்த நேரமாகப் பார்த்து அழைக்கிறேன்.

அம்மாவுக்கும் உங்களுக்கும் என் வணக்கங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்,
மலர்விழி