செயலாளர் ஆண்டறிக்கை: கால் சுற்றுத் திரும்பும் யாகி

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அமெச்சூர் ரேடியோ உரிமத் தேர்வு வகுப்புகள் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஆண்டின் பெரிய வேலை, மாடியிலுள்ள, இரண்டு மீட்டர் அலைவரிசைக்கான யாகியை (பூம் என்ற நீண்ட தண்டில் எலிமெண்ட் என்ற குறுக்குக் குழாய்கள் வரிசையாக நிற்கும் ஆன்டெனா) கீழிருந்தே கிடையாகவும் நெட்டுக்குத்தாகவும் திருப்பும்படி மாற்றியது. இனிப் பராமரிக்கப் போகிறவர்களுக்காக விவரமாகவே எழுதியிருக்கிறேன்.

ரிப்பீட்டர்களும் (சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையங்கள்) கைக்கருவிகளும் நெட்டுக்குத்துப் போலரைசேஷன், அதாவது ரேடியோ அலை அதிரும் திசை நெட்டுக்குத்து. தொலைதூர எஸ்எஸ்பி (குரல்), சிடபிள்யூ (மோர்ஸ்) தொடர்புகள் கிடைமட்டம். அனுப்பும் முனையும் வாங்கும் முனையும் ஒன்றுக்கு ஒன்று மாறினால் சிக்னலில் 20 டெசிபல் அளவுக்குப் போய்விடும். 45 பாகையில் சாய்த்துக் கட்டிவிட்டால் மோட்டாரே வேண்டாம், ஆனால் இரண்டு பக்கமும் 3 டெசிபல், அதாவது பாதி சக்தி, நிரந்தர நஷ்டம். கிடையாக ஒன்று, நெட்டுக்குத்தாக ஒன்று என ஒரே பூமில் இரண்டு யாகி சேர்ந்த குறுக்கு யாகியை ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வைத்து மாற்றுவது நொடியில் முடியும். எடையும் காற்றுப் பளுவும் ஏறக்குறைய இரட்டிப்பு. நம் கம்பத்துக்கு அது தாங்காது.

பூமை நடுவில் பிடிப்பதுதான் வழக்கம். கிடையாக இருக்கும்வரை அதில் தொல்லையில்லை. நெட்டுக்குத்தாகத் திருப்பியதும் இரும்புக் கம்பம் எலிமெண்ட்டுகளுக்கு இணையாக நடுவே நின்று கதிர்வீச்சைக் குலைக்கிறது. கம்பத்தின் மேல்பகுதியை ஃபைபர் குழாயாக்கினாலும், அதை ஒட்டி இறங்கும், சிக்னல் போகும் கோஆக்சியல் கேபிளும் மோட்டார் ஒயரும் அதே கெடுதலைச் செய்யும். ஆகவே அந்த உலோகம் எல்லாமே, எலிமெண்ட்டுகளில் கடைசியாக நிற்கும் ரிஃப்ளெக்டருக்குப் பின்னால்: கம்பத்திலிருந்து ரிஃப்ளெக்டர் 50 செ.மீ. முன்னே நிற்கிறது. கம்பத்தின் தலையில் இரும்புச் சட்டம். அதில் 40 செ.மீ. இடைவெளியில் இரண்டு நைலான் புஷ் (தண்டு சுழல்வதற்கான வளையம்). அவற்றுக்குள் பூம் சுழல்கிறது. சுழலும் பாகம் சுமார் 2 கிலோ, அதன் எடைமையம் கம்பத்துக்கு 1.6 மீட்டர் முன்னே. பின்னால் 60 செ.மீ.யில் ஐந்து கிலோவுக்குச் சற்று மேல் இருந்தால் சமன். மோட்டார் பெட்டியும் அந்தக் கணக்கில் சேரும். எதிர்எடை சட்டத்தில்தான், பூமில் அல்ல; பூமில் கட்டி அது அச்சிலிருந்து விலகினால் ஒவ்வொரு முறையும் மோட்டார் அதைத் தூக்க வேண்டியிருக்கும்.

கார் வைப்பர் மோட்டார் மலிவு, பலரும் சொல்வது அதைத்தான். நிமிடத்துக்கு 45 சுற்று என்றால் கால் சுற்று மூன்றில் ஒரு நொடியில் முடிந்து தடுப்பில் மோதும். மேலும் பலவற்றில் நெகடிவ் உடலோடு இணைந்திருக்கும். திசை மாற்ற முனைகளை மாற்றினால் சட்டத்தின் வழியே ஷார்ட் ஆகும். நாம் போட்டிருப்பது 12 வோல்ட், 2 ஆர்பிஎம் வார்ம் கியர் மோட்டார். கால் சுற்றுக்கு ஏழரை நொடி. கரண்ட் நின்றாலும் காற்று அதைத் திருப்பாது. இரு முனையிலும் லிமிட் சுவிட்ச் (முனை வந்ததும் மின்சாரத்தை நிறுத்துவது), ஒவ்வொன்றின் குறுக்கேயும் 1என்5408 டையோடு (ஒரு திசையில் மட்டும் மின்சாரத்தை விடுவது). சுவிட்ச் திறந்தபின் எதிர்த்திசைக்கு மட்டும் டையோடு வழிவிடும். டையோடைத் தலைகீழாக வைத்தால் மோட்டார் முனையில் நிற்காமல் தடுப்பில் முட்டிக்கொண்டு ஓடும். அப்போது மோட்டாருக்கும் பூமுக்கும் இடையே கிளிப் போட்ட ரப்பர் ஹோஸ் வழுக்கிக் காப்பாற்றும், எனவே கிளிப்பை அளவுக்கு மீறி முறுக்கக் கூடாது. கோணம் 10 பாகை தவறினாலும் இழப்பு 0.13 டெசிபல்தான், நூல்பிடித்து மெனக்கெட வேண்டாம்.

கேபிளில்தான் கவனம் வேண்டும். ஒற்றைக் கம்பி நடுவுள்ள கேபிள் மடங்கி மடங்கி உள்ளே முறியும், வெளியே தெரியாது. திரும்பும் இடத்தில் மட்டும் பல இழை நடுவுள்ள ஆர்ஜி-58 ரகக் கேபிள் ஒன்றரை மீட்டர், அகலமான வளையமாக விட்டிருக்கிறோம், இழப்பு 0.3 டெசிபல். திருப்பும்போது மட்டும் எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனாவிலிருந்து சக்தி திரும்பி வருவதைக் காட்டும் அளவு) துள்ளினால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

நெட்டுக்குத்தாக நிற்கும்போது காமா மேட்ச் (கேபிளை ஆன்டெனாவோடு பொருத்தும் பாகம்) இருக்கும் பக்கம் கீழே வரும்படி திசை வைத்திருக்கிறோம். மேலே வந்தால் மழைநீர் அதன் பெட்டிக்குள் வடியும். எலிமெண்ட் குழாய்களின் மேல்முனைக்கு மூடி. கீழ்முனையில் கொசுவலைத் துண்டு, நீர் வடியவும் வேண்டும், குளவியும் புகக் கூடாது. கிடையாக இருந்தால் காக்கை உட்காருகிறது, ஆகவே வேலை முடிந்ததும் நெட்டுக்குத்தில் விட்டுப் போகவும்.

விண்வெளி நிலையத்தின் 145.800 மெகாஹெர்ட்ஸைக் கேட்க இது ஓரளவே உதவும். போலரைசேஷன் மாறி மாறிச் சிக்னல் மங்கும் வேகத்துக்கு ஏழரை நொடி ஈடுகொடுக்காது.

மோட்டாருக்கு இப்போது போகும் ஒயர் 1 சதுர மி.மீ. 25 மீட்டர் தூரம் போய்த் திரும்ப மின்தடை 0.9 ஓம், 3 ஆம்பியர் இழுத்தால் 2.7 வோல்ட் வழியிலேயே போகிறது. 2.5 சதுர மி.மீ. ஆனால் 1.1 வோல்ட்தான். அந்த ஒயர் வாங்கவும், புஷ்களை ஆண்டுதோறும் மழைக்கு முன் கழற்றிப் பார்க்க இருவரை நியமிக்கவும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்