ஸ்டோரி முடிந்த பிறகுதான் டெக்கன் 8 ஆரம்பிக்கிறது: தமிழில் கேம் விமர்சனம் செய்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் கேம் விமர்சன வீடியோ போடும் நண்பர்களுக்கு,

வணக்கம். பெரிய சண்டை கேம் எது வந்தாலும் முதல் நாள் ராத்திரியே உங்கள் வீடியோவும் வந்துவிடுகிறது. தம்ப்நெயிலில் டெக்கன் வில்லன் கசுயா கண் சிவக்க முறைத்துக்கொண்டிருப்பார், பக்கத்தில் மஞ்சள் எழுத்தில் "வாங்கலாமா, வேண்டாமா?" என்று இருக்கும். உள்ளே போனால் பாதி நேரம் கதை, அப்புறம் கொஞ்சம் கிராஃபிக்ஸ், மிச்சத்தில் "ஃபைட் எல்லாம் வெறித்தனம்". டெக்கன் 8 வந்தபோது நான் பார்த்த வீடியோக்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருந்தன. அதற்குப் பிறகு வந்த சண்டை கேம்களுக்கும் அதே அச்சுதான். தூக்கம் கெட்டு எடிட் செய்கிறீர்கள், நன்றாகப் பேசுகிறீர்கள், அதில் எனக்குக் குறையே இல்லை. ஆனால் 70 டாலர் விலை போட்ட ஒரு பொருளை வாங்கு என்று சொல்லிவிட்டு, அந்தக் காசு எதற்காகக் கொடுக்கப்படுகிறதோ அந்தப் பக்கமே போகாமல் வீடியோவை முடித்துவிடுகிறீர்கள். என் குறை அதுதான்.

டெக்கன் 8 2024 ஜனவரி 26 அன்று வந்தது. அதன் ஸ்டோரி மோடை ஒரு சாயங்காலத்தில் முடித்துவிடலாம். பார்க்கப் பிரமாதமாகத்தான் இருக்கும். அப்பா கசுயா உலகத்தை அழிக்கக் கிளம்புகிறார், மகன் ஜின் தடுக்கிறார், இரண்டு பேருக்கும் சிறகு முளைக்கிறது, வானம் பிளக்கிறது. பெற்ற பிள்ளையை மலை உச்சியிலிருந்து தள்ளிவிடுவதும், பிள்ளை திரும்பி வந்து அப்பனைத் தள்ளிவிடுவதும் இவர்களுடைய மிஷிமா குடும்பத்தில் பரம்பரை வழக்கம் என்பதால் கதையில் பெரிய அதிர்ச்சி எதுவும் கிடையாது. (ஏழாம் பாகத்தில் எரிமலைக் குழம்பில் விழுந்து செத்துப்போன தாத்தா ஹெய்ஹாச்சி, அதே 2024 அக்டோபரில் தனிக் காசு வாங்கிக்கொண்டு உயிரோடு வந்துவிட்டார். சாவுக்கும் டிஎல்சி, அதாவது தனிக் காசுக்கு விற்கும் கூடுதல் பகுதி, உண்டு.) ஆனால் இதைப் பார்ப்பதற்காக யாரும் சண்டை கேம் வாங்க வேண்டியதில்லை, முழுக் கதையும் யூடியூபிலேயே கிடக்கிறது. கதை முடிந்து மெனுவுக்குத் திரும்பி, ஆன்லைனில் தரவரிசைக்காக ஆடும் ரேங்க் மேட்ச் என்பதை அமுக்கி, முகம் தெரியாத ஒருவரிடம் வரிசையாக அடி வாங்க ஆரம்பிப்பீர்களே, கேம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. உங்கள் வீடியோ சரியாக அந்த இடத்தில் "லைக் பண்ணுங்க, ஷேர் பண்ணுங்க" என்று முடிந்துவிடுகிறது.

முதலில் பிசி விஷயம், ஏனென்றால் நம் ஊர் ஆட்கள் பலர் பிசியில்தான் ஆடுகிறார்கள். "என் லேப்டாப்பில் லோ செட்டிங்கில் 40 எஃப்பிஎஸ் வருது, தாராளமா ஆடலாம்" என்று ஒருவர் சொன்னதைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டேன். 40 எஃப்பிஎஸ் என்றால் விநாடிக்கு 40 ஃப்ரேம், அதாவது 40 படம். ஊர் சுற்றும் ஓப்பன் வேர்ல்ட் கேமுக்கு அது போதும். டெக்கனுக்குப் போதாது. இந்த ஆட்டத்தின் கடிகாரமே விநாடிக்கு 60 ஃப்ரேம் என்றுதான் ஓடுகிறது, ஒவ்வொரு அடியின் வேகமும் ஃப்ரேம் கணக்கில்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஜாப் என்கிற சாதாரணக் குத்து 10 ஃப்ரேமில் போய் விழும், அதாவது விநாடியில் ஆறில் ஒரு பங்கு. உங்கள் மெஷின் 60 கொடுக்கவில்லை என்றால் படம் மட்டும் திக்காது, ஆட்டமே மெதுவாக ஓட ஆரம்பிக்கும், கற்றுக்கொண்ட காம்போ (தொடர் அடி) டைமிங் எதுவும் கைக்கு வராது, ஆன்லைனில் எதிரில் இருப்பவரின் ஆட்டமும் சேர்ந்து கெடும். அதனால் கிராஃபிக்ஸை எவ்வளவு தரைமட்டமாக இறக்கினாலும் பரவாயில்லை, 60 அசையாமல் நிற்கிறதா என்பதுதான் கேள்வி. ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்ற கிராஃபிக்ஸ் கார்டு குறைந்தபட்சம் என்று கம்பெனியே போட்டிருக்கிறது, டிஸ்கில் 100 ஜிபி கேட்கிறது. பழைய 1050 டிஐ வைத்திருக்கும் யாராவது ஒருவரைப் பிடித்து ஒரு முழு மேட்ச் ஆட வைத்துக் காட்டியிருந்தால், அந்தப் பத்து நிமிடக் கதைச் சுருக்கத்தைவிட ஆயிரம் மடங்கு பிரயோஜனமாக இருந்திருக்கும்.

நெட்டும் அப்படித்தான். இதில் ரோல்பேக் இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் புதிதாக வருபவருக்கு என்ன புரியும்? எதிராளி என்ன அமுக்கினார் என்ற தகவல் வந்து சேர்வதற்குள் கேம் ஒரு யூகம் செய்து ஆட்டத்தை ஓட்டிக்கொண்டே இருக்கும். யூகம் தப்பாகிவிட்டால் சட்டென்று பின்னால் போய்த் திருத்திக்கொள்ளும். தூரம் கம்மி என்றால் அந்தத் திருத்தம் கண்ணுக்கே தெரியாது, தூரம் அதிகம் என்றால் எதிராளியின் கால் பாதியில் மறைந்து வேறு இடத்தில் முளைக்கும். ஆகவே நாம் சொல்ல வேண்டியது, சென்னையிலோ மதுரையிலோ உட்கார்ந்து ராத்திரி ஒன்பது மணிக்குத் தேடினால் பக்கத்தில் ஆள் கிடைக்கிறார்களா, எந்த நாட்டுக்காரர்கள் வருகிறார்கள், ஆட்டம் எப்படி ஓடுகிறது என்பதை. எதிராளி வைஃபையில் இருக்கிறாரா, கேபிள் போட்டிருக்கிறாரா என்பதைக்கூட டெக்கன் 8 மேட்ச்சுக்கு முன்பே காட்டிவிடுகிறது. வைஃபை என்றால் வேண்டாம் என்று மறுத்துவிட்டுப் போகலாம். இவ்வளவு உபயோகமான விஷயத்தை ஒரு வீடியோவிலும் நான் பார்க்கவில்லை.

இப்போது நான் மனதாரப் பாராட்டும் பகுதி, நீங்கள் தொடாமல் விட்டதிலேயே எனக்கு அதிக வருத்தம் தருவதும் இதுதான். ப்ரையன் என்ற பாத்திரத்துக்கு ஸ்நேக் எட்ஜ் என்று ஒரு உதை உண்டு. காலைச் சுழற்றித் தரையோடு தரையாக அடிப்பான், பட்டால் நீங்கள் மேலே பறப்பீர்கள், அப்புறம் காம்போதான், பாதி உயிர் போய்விடும். புதிதாக ஆடுபவர்கள் இதில் செத்துச் செத்தே கேமை அன்இன்ஸ்டால் செய்வார்கள். ஆனால் அந்த உதை வந்து விழக் கிட்டத்தட்ட அரை விநாடி ஆகும், டெக்கன் கணக்கில் அது ஒரு யுகம். தோள் திரும்புவதைப் பார்த்ததும் குனிந்து தடுத்துவிட்டால் ப்ரையன் தடுமாறி நிற்பான், அப்போது அவனைத் தூக்கிவிடுவது உங்கள் முறை. இது ஒருவர் சொல்லிக்கொடுத்தால் ஐந்து நிமிடம், சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை என்றால் மாதக்கணக்கு. டெக்கன் 8 என்ன செய்திருக்கிறது என்றால், நீங்கள் தோற்ற மேட்ச்சின் ரீப்ளேயைத் திறந்தால் "இந்த இடத்தில் இந்த அடியால் தண்டித்திருக்கலாம்" என்று அதுவே எழுத்தில் காட்டுகிறது. அதோடு நிற்காமல், ஒரு பட்டன் அமுக்கினால் ரீப்ளே அங்கேயே நின்று ஆட்டம் உங்கள் கைக்கு வந்துவிடும். அதே ப்ரையன், அதே சுவர் ஓரம், அதே உதை. தடுக்க வரும்வரை திரும்பத் திரும்ப முயன்று பார்க்கலாம்.

டெக்கன் 7-இல் ஃப்ரேம் கணக்கைத் திரையில் பார்ப்பதற்கே தனியாகக் காசு வாங்கினார்கள், நினைவிருக்கிறதா? அந்தக் கம்பெனி இதைக் கேமோடு சேர்த்தே கொடுத்திருக்கிறது. உங்கள் ஆட்டப் பழக்கத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டு உங்களைப் போலவே ஆடும் 'கோஸ்ட்' ஒன்றும் இருக்கிறது, என் கோஸ்டோடு ஆடிப் பார்த்தபோது நான் எவ்வளவு எளிதில் ஏமாறுகிற ஆள் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. ஸ்பெஷல் ஸ்டைல் என்ற எளிய கன்ட்ரோலும் உண்டு, அதைப் பற்றி நீங்களே நிறையப் பேசியாகிவிட்டது.

அடி வாங்குவது எப்படி இருக்கும் என்பதையும் மறைக்கக் கூடாது. ஹீட் என்று ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறார்கள். ரவுண்டுக்கு ஒரு தடவை அதை ஏற்றிக்கொண்டு முன்னால் பாய்ந்து பாய்ந்து அடிக்கலாம், தடுத்தாலும் உயிர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். பார்ப்பவருக்குத் திருவிழா, வாங்குபவருக்கு இன்னொரு அனுபவம். பின்வாங்கி, இடைவெளி பார்த்து, எதிராளி வீசி ஏமாறும்போது அடிக்கும் பழைய டெக்கன் பொறுமைக்கு இங்கே இடம் சுருங்கிவிட்டது. சிலருக்கு இது ரொம்பப் பிடிக்கும். எனக்குப் பாதி நாள் பிடிக்கும், பாதி நாள் எரிச்சலாக இருக்கும்.

அடுத்தது, நீங்கள் திரும்பி வந்து பார்க்காமல் போன விஷயம். ஜனவரியில் உங்கள் விமர்சனம் எல்லாம் முடிந்த பிறகு, பிப்ரவரியில் கேமுக்குள் கடை திறந்தார்கள். காசு கொடுத்து காயின் வாங்கி, பழைய டெக்கன்களில் இதே பாத்திரங்கள் போட்டிருந்த உடைகளை வாங்க வேண்டும். ஏப்ரலில், ஆட ஆடப் பரிசுகளைத் திறக்கும் ஃபைட் பாஸ் வந்தது. தயாரிப்புச் செலவு பல மடங்கு கூடிவிட்டது என்று அப்போது டெக்கன் தொடரை நடத்திவந்த ஹராடா விளக்கம் சொன்னார், அது உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் முழு விலை கொடுத்து வாங்கியவருக்கு வாங்கும்போதே அது தெரிந்திருக்க வேண்டுமா இல்லையா? அதைவிடப் பெரியது 2025 ஏப்ரல். இரண்டாவது சீசனில் தற்காப்புக்கு வலு சேர்ப்போம் என்று பேசியிருந்தார்கள், வந்த பேட்ச்சோ (கேமை மாற்றும் அப்டேட்) தாக்குபவருக்கே மேலும் மேலும் வாரிக் கொடுத்தது. கேம் விற்கும் ஸ்டீம் தளத்தின் விமர்சனப் பக்கம் கண்டனங்களால் சிவந்துபோனது, கேமில் பிழைப்பு நடத்தும் தொழில்முறை வீரர்களே வெளிப்படையாகத் திட்டினார்கள், அந்த மாதமே அவசரத் திருத்தம் போட வேண்டிவந்தது. ஆனால் தமிழில் தேடினால் அந்த முதல் நாள் "வெறித்தனம்" வீடியோதான் இன்றைக்கும் மேலே வந்து நிற்கிறது. புதிதாக வாங்க நினைப்பவர் அதைப் பார்த்துத்தான் வாங்குகிறார். அவர் வாங்கப்போவது நீங்கள் ஆடிய கேமே இல்லை.

சரி, இவ்வளவு சொல்கிறாயே, நீ சொல், வாங்கலாமா என்றால், என் பதில் ஆளைப் பொறுத்தது. தனியாக உட்கார்ந்து கதை ஆட மட்டும்தான் என்றால் டெக்கன் 8 வேண்டாம். அதற்கு 2023-இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 எவ்வளவோ மேல், அதில் வேர்ல்ட் டூர் என்று சொந்தமாக ஒரு ஆளை உருவாக்கி ஊர் சுற்றிச் சண்டை கற்கும் பெரிய பகுதியே இருக்கிறது, வந்தபோது அதன் விலையும் 10 டாலர் கம்மியாக இருந்தது. ஆன்லைனில் ரேங்க் ஏறும் வெறி உள்ளவர், தோற்றால் ரீப்ளே திறந்து பார்க்கும் பொறுமை உள்ளவர் என்றால் டெக்கன் 8 தாராளமாக வாங்கலாம், ஆனால் தள்ளுபடி வரும்வரை காத்திருந்து. ஆரம்பத்திலேயே 32 பாத்திரங்கள் இருக்கிறார்கள், பிறகு வந்தவர்கள் ஒருவரையும் வாங்காமலே வருடக்கணக்கில் ஆடலாம். பக்கத்து வீட்டிலோ ஹாஸ்டல் ரூமிலோ சேர்ந்து ஆட ஒரு ஆள் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். பாகிஸ்தானின் லாகூர்க்காரரான டெக்கன் வீரர் அர்ஸ்லான் ஆஷ், 2019-இல் எவோ என்ற பெரிய சண்டை கேம் போட்டியில், ஜப்பானில் நடந்த எவோவையும் லாஸ் வேகாஸில் நடந்த எவோவையும் ஒரே வருடத்தில் ஜெயித்தபோது உலகமே இவர் எங்கிருந்து வந்தார் என்று கேட்டது. ஊரில் தனக்குச் சமமாக ஆட இன்னும் பல பேர் இருக்கிறார்கள் என்றுதான் அவர் சொன்னார். டெக்கன் 8-க்கு நடந்த முதல் லாஸ் வேகாஸ் எவோவையும் 2024-இல் அவரே ஜெயித்தார். நம் ஊரிலும் அப்படி நான்கு பேர் ஒரே அறையில் உட்கார்ந்து ஆடுவதை வீடியோ எடுத்துப் போடுங்களேன், வியூஸ் வராமலா போய்விடும்?

உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த சண்டை கேமுக்கு முதல் நாள் வீடியோவைப் போடுங்கள், கதையையும் சொல்லுங்கள், யார் வேண்டாம் என்றார்கள். ஆனால் தலைப்பில் "வாங்கலாமா" என்று கேட்காமல் "முதல் பார்வை" என்று போட்டுவிட்டு, ஒரு மாதம் கழித்து இன்னொன்று போடுங்கள். அதில் நீங்கள் ரேங்க் மேட்ச்சில் தோற்பதைக் காட்டுங்கள், லேக் அடிப்பதைக் காட்டுங்கள், பயிற்சிப் பகுதியைத் திறந்து காட்டுங்கள், கடை திறந்துவிட்டார்களா என்று சொல்லுங்கள். கம்பெனியிடம் கேமை இலவசமாக வாங்கி ஆடியிருந்தால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ராத்திரி பத்து மணிக்கு மேல் ரேங்க் மேட்ச்சில் உங்களிடமும் தோற்றிருக்கக்கூடிய ஒருவன்

பி.கு.: கீபோர்டில் ஆடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஆடலாம், நன்றாகவே ஆடலாம். ஆனால் விலை குறைந்த சில கீபோர்டுகளில் மூன்று நான்கு பட்டனைச் சேர்த்து அமுக்கினால் ஒன்று விழாது. வாங்கும் முன் அதைச் சோதித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.